ஆறாம் நம்பர் லயத்தின் ஆரவாரம்

கல்லுமலைத் தோட்டத்து மைதானத்தில் சனங்கள் பாடுவதில்லை என்று தேயிலைமலை உதைபந்தாட்ட மேம்பாட்டுச் சம்மேளனம் ஒருநாள் கண்டுபிடித்தது. ஹட்டன் நகரத்தில் பைப்புக் கடை ஒன்றுக்கு மேல்மாடியில் இருக்கிறது சம்மேளனக் காரியாலயம். அங்கே கூட்டம் போட்டு, இந்தக் குறைபாட்டைப் பற்றிப் பொழுது சாயும்வரை கவலைப்பட்டு, பட்டிஸும் தேத்தண்ணியும் முடிந்தபின் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார்கள். இனிமேல் பார்வையாளர்கள் தன்னிச்சையாகப் பாட வேண்டும், பாடத் தவறினால் ஒழுக்காற்று நடவடிக்கை எடுக்கப்படும் என்று அதில் இருந்தது.

காரணம் இல்லாமல் சம்மேளனம் எதையும் செய்யாது. வெளிநாட்டு அமைப்பு ஒன்று மலைநாட்டு மைதானங்களுக்குப் புதுக் கோல் கம்பமும் வலையும் தருவதாகச் சொல்லியிருந்தது. அதன் ஆட்கள் வந்து ஒவ்வொரு மைதானத்துக்கும் புள்ளி போட்டார்கள். புல்லுக்குப் புள்ளி, கோட்டுக்குப் புள்ளி, கழிவறைக்குப் புள்ளி. கழிவறையே இல்லாத எங்களுக்கு அதில் இரண்டு புள்ளி கிடைத்தது. தேயிலைச் செடி மறைவு நன்றாக இருந்ததாக எழுதினார்களாம். 'மைதானச் சூழல்' என்ற இடத்தில் மட்டும் பூச்சியம். பந்து உதைபடும் சத்தமும் விசில் சத்தமும் தவிர ஒன்றும் கேட்கவில்லை, சனங்கள் செத்த வீட்டுக்கு வந்தவர்கள்போல உட்கார்ந்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வந்தவர்கள் வெளியூர்க்காரர்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது.

சம்மேளனத்துக்குத்தான் ஞாபகமறதி அதிகம். மூன்று வருடத்துக்கு முன்னால் இதே மைதானத்தில் இதே சனங்கள் பாடினார்கள் என்பதற்காக விசாரணை வைக்கப் பார்த்ததும் இதே சம்மேளனம்தான். அந்தப் பாட்டைப் பற்றிச் சொல்லாவிட்டால் மற்றது விளங்காது.

தோட்டத்தில் காலையில் பெரட்டு என்று ஒன்று நடக்கும். எல்லாரும் களத்தில் நிற்க, பேர் கூப்பிட்டு ஆள் பிரித்து மலைக்கு அனுப்புவார்கள். மாலையில் கொழுந்து நிறுக்கும்போது சொன்ன கிலோ இருந்தால் அன்றைக்கு முழுப்பேரு, அதாவது முழுநாள் சம்பளம். குறைந்தால் அரைப்பேரு. அரைப்பேரு வாங்கிக்கொண்டு, வரிசை வீடுகளான லயத்துக்குத் திரும்பும் பெண்ணின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சொல்லின் கனம் தெரியும். எங்கள் சனம் அதையே எடுத்து மைதானத்தில் பாட்டாக்கி வைத்திருந்தது. ஆட்டம் தொடங்கும்போது ஒருவர் பெரட்டுக் கூப்பிடுவார். "கோலுக்கு நிக்கிற கிஷாந்து வந்தாச்சா?" என்றால் "வந்தாச்சு" என்று சனம் உட்காரும் மேடு முழுக்கப் பதில் வரும். "பேரு எத்தனை?" என்றால் "முழுப்பேரு." இப்படியே அணியில் உள்ள எல்லாருக்கும். எதிர் அணிக்காரன் பந்தைக் கோலுக்கு வெளியே அடித்துவிட்டால் போதும், கேள்வியே இல்லாமல் அத்தனை தொண்டையும் சேர்ந்து "அரைப்பேரு" என்று இழுக்கும். தகரமும் தப்பு மேளமும் சேர்ந்துகொள்ளும். மலையில் வேலை வாங்கும் கண்டாக்கையா பந்து பார்க்க வந்து உட்கார்ந்தால் அவருக்கும் ஒன்று கிடைக்கும். வாரம் முழுக்க எங்களுக்குப் போடுகிறவர் ஒருநாள் வாங்கிப் பார்க்கட்டும் என்பதுதான் அதில் இருந்த சந்தோசம்.

பெரட்டுக் கூப்பிடுவது சீதாலெட்சுமி. ஆறாம் நம்பர் லயத்துக்காரி, கொழுந்து எடுப்பவள். மலை உச்சியில் நின்று அவள் கூப்பிட்டால் கீழே தேயிலை ஸ்டோர் வாசலில் படுத்திருக்கும் நாய் தலையைத் தூக்கும். அவள் புருசன் ஆண்டியப்பன் நேர்மாறு. அந்த ஸ்டோரில் கொழுந்து வாட்டும் வேலை. மெசின் இரைச்சலில் இருந்து இருந்து பேச்சே விட்டுப்போன மனுசன். மைதானத்துக்கு வருவார், மேட்டின் ஓரத்தில் உட்காருவார், வாயைத் திறக்க மாட்டார். சீதாலெட்சுமி எல்லாரையும் கூப்பிட்டு முடித்துவிட்டுக் கடைசியில் அவர் பக்கம் திரும்பி, "எங்க வீட்டு ஆளு வந்தாச்சா?" என்பாள். புருசன் பேரைச் சொல்லக் கூடாது என்பதால் அப்படி. எல்லாரும் வாயை மூடிக்கொண்டு காத்திருப்போம். ஆண்டியப்பன் தலையைக் குனிந்து சிரிப்பாரே தவிரப் பதில் சொல்ல மாட்டார். பிறகு மேடு முழுக்கச் சேர்ந்து அவருக்கு அரைப்பேரு போடும். இன்றைக்காவது வாயைத் திறப்பாரா என்று பார்ப்பதற்கே சிலர் வந்தார்கள்.

இந்தப் பாட்டு நடுவரின் மனதைப் புண்படுத்துகிறது, தோட்ட நிர்வாகத்தின் உள்விவகாரத்தை வெளியூர் அணிகளுக்குத் தெரியப்படுத்துகிறது என்று சம்மேளனம் முடிவு செய்தது. செயலாளர் தரணிதரன், கலியாண வீடுகளுக்கு ஸ்பீக்கர் பொக்ஸ் கட்டும் துஷாந்தைக் கூட்டி வந்து, தார்ப்பாய்ப் படங்கு மறைவில் மைக் வைத்து, ஒரு முழு ஆட்டத்தின் கூச்சலையும் சாட்சியமாகப் பதிவு செய்தார். விசாரணைக்குத் திகதியும் குறித்தார்கள். அந்தத் திகதி வருவதற்குள் மழை வந்துவிட்டது.

விடாத மழை. மைதானத்துக்கு மேலே இருந்த மலை வழுக்கி இறங்கி, ஆறாம் நம்பர் லயத்தை மூடி, மைதானத்தின் மூலைக்கொடி வரைக்கும் வந்து நின்றது. ஆண்டியப்பன் அப்போது ஸ்டோரில் வேலையில் இருந்தார். சிலரை எடுத்தார்கள். சிலரை எடுக்க முடியவில்லை. சீதாலெட்சுமி அதில் ஒருத்தி. மண் மறுபடி இளகுகிறது என்று தோண்டுவதை நிறுத்தி, அந்த இடத்தையே கல்லறையாக நினைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார்கள். சம்மேளனம் ஓர் அனுதாபத் தீர்மானம் நிறைவேற்றியது. பாட்டுப் பற்றிய விசாரணை மனிதாபிமான அடிப்படையில் ஒத்திவைக்கப்படுகிறது என்றும் அதே தீர்மானத்தில் இருந்தது. ரத்துச் செய்யவில்லை, ஒத்திவைத்தார்கள்.

அதற்குப் பிறகு எங்கள் மேட்டில் யாரும் பாடவில்லை. யாரும் தடுக்கவுமில்லை. கூப்பிட ஆள் இல்லை, அவ்வளவுதான்.

சுற்றறிக்கைக்கு அடுத்த ஆட்டத்தில் தரணிதரன் நேரில் வந்து கோட்டோரம் நின்று, கையை உயர்த்தியும் தாழ்த்தியும் சனங்களைத் தன்னிச்சைக்கு அழைத்தார். ஒரு கைக்குழந்தை அழுதது. நல்ல ஆரம்பம் என்று அவர் குறித்துக்கொண்டார். ஆட்டம் முடியும்வரை அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. அப்போதுதான் சம்மேளனத் தலைவர் கணேசமூர்த்திக்கு அந்தப் பழைய பதிவு ஞாபகத்துக்கு வந்தது. கணேசமூர்த்தி கீழே இருக்கிற பைப்புக் கடைக்கு முதலாளி. சனங்கள் பாடாவிட்டால் என்ன, பாடின சனம் நம்மிடம் இருக்கிறதே என்று கேட்டாராம். கூட்டத்தில் எல்லாரும் கைதட்டினார்களாம்.

துஷாந்த் இரண்டு பெரிய பொக்ஸ் கொண்டுவந்தான். மேட்டில் எங்களுக்கே இடம் போதாது. எதிர்ப்பக்கம், மண் வந்து நின்ற மூலையில், ஒருவரும் உட்காருவதில்லை; இடம் தாராளமாக இருந்தது. பொக்ஸ் இரண்டையும் அந்த மண்ணின்மேல் ஏற்றி, மைதானத்தைப் பார்க்கத் திருப்பி வைத்தார்கள். எங்களிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. நடுவர் விசில் ஊதினார். மண்ணுக்குள்ளிருந்து சீதாலெட்சுமி கூப்பிட்டாள்.

"கோலுக்கு நிக்கிற கிஷாந்து வந்தாச்சா?"

கோலில் நின்ற கிஷாந்த் பந்தை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தான். பந்து வலைக்குள் போனது. அதை யாரும் கவனிக்கவில்லை. மூன்று வருடத்துக்கு முந்திய சனம், பாதிப்பேர் மண்ணுக்குள் கிடக்கிற சனம், "வந்தாச்சு" என்றது. எனக்கு முன்னால் இருந்த வீரம்மா சேலைத் தலைப்பை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு எழுந்து நின்றாள். அவளைப் பார்த்து எல்லாரும் எழுந்தோம். ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டு முடித்தபின் அந்தக் குரல் கொஞ்சம் சிரிப்போடு, "எங்க வீட்டு ஆளு வந்தாச்சா?" என்றது. பதிவிலும் சனம் காத்திருந்தது, நாங்களும் காத்திருந்தோம். ஆண்டியப்பனின் வாய் திறந்தது. சத்தம் வருவதற்குள் மண்ணுக்குள் இருந்தவர்கள் சிரித்து, அவருக்கு அரைப்பேரு போட்டுவிட்டார்கள்.

இடைவேளையில் கணேசமூர்த்தி மைக்கைப் பிடித்தார். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

"பாத்தீங்களா, ஒருத்தர்கூட உக்காரல்ல. இதுக்குப் பேருதான் ஒழுக்கம். உண்மையச் சொல்றேன், உசிரோட இருக்கிற சனத்த வச்சுக்கிட்டு ஒண்ணும் செய்ய ஏலாது. இன்னைக்குச் சத்தம் போடும், நாளைக்கு ரோட்டுக் கேக்கும், வீடு கேக்கும், மலை ஏன் சரிஞ்சதுன்னு கேக்கும். இந்தச் சனம் சத்தம் மட்டுந்தான் போடும். நாங்க நிப்பாட்டச் சொன்னா நிப்பாட்டிரும்."

வீரம்மா என் பக்கம் திரும்பி, அவரு இருமுனது கேட்டுச்சா என்று கேட்டாள். அவள் புருசன் வீரபத்திரனைத்தான் சொன்னாள். மழையன்று லயத்தில் இருந்தவன். பதிவில் இரண்டாவது கோலுக்குப் பிறகு, சத்தம் அடங்கின இடத்தில், யாரோ ஒருவர் மூன்று தரம் இருமுவது எனக்கும் கேட்டிருந்தது. அவன்தான். மழைக்காலத்தில் அப்படித்தான் இருமுவான்.

அதற்குப் பிறகு எங்கள் மைதானத்துக்கு வந்த கூட்டத்தைச் சொல்லி முடியாது. ஆறாம் நம்பர் லயத்தில் சொந்தம் பறிகொடுத்தவர்கள் கொழும்புக் கடைகளில் லீவு எடுத்துக்கொண்டு வந்தார்கள். பண்டாரவளைக்குக் கட்டிக்கொடுத்த பெண்கள் பிள்ளைகளோடு வந்தார்கள். எந்த அணி ஆடுகிறது என்று யாரும் கேட்கவில்லை. ஒருத்தி தன் தம்பியின் விசிலுக்காக வந்தாள். ஒருவர், கூட்டத்துக்குள் "அப்பா, தூக்கு" என்று கேட்கும் ஒரு சின்னக் குரலுக்காக வந்தார். அந்த இடம் வரும்போது அவர் கை தானாகக் கீழே நீளும். போனில் பிடித்துக்கொண்டு போகலாம் என்று சிலர் பார்த்தார்கள். வீட்டில் போட்டால் காற்றுச் சத்தம் மட்டும் வந்தது. போன் காணாதவர்களா நாங்கள், ஏனென்று தெரியவில்லை. அந்த மண்ணின்மேலிருந்து கேட்டால்தான் அது அவர்களாக இருந்தது.

பொக்ஸின் காலடியில் வெற்றிலை வைத்தார்கள், சாயத்தண்ணி ஊற்றின கோப்பை வைத்தார்கள், அந்தப் பிள்ளைக்கு ஒரு பிஸ்கட் பக்கட் வைத்தார்கள். சம்மேளனம் இதை ரசிகர்களின் அன்பளிப்பு என்று பதிவு செய்து, பிஸ்கட்டை விருந்தினர் மேசைக்கு எடுத்துக்கொண்டது.

வெற்றி வந்தால் ஒழுங்குவிதி வரும். கலாசார மண்டபத்தில் எங்களுக்கு ஆரவாரப் பயிற்சிப் பட்டறை நடந்தது. பார்வையாளர்கள் பந்தைப் பார்க்க வேண்டும், பொக்ஸைப் பார்க்கக் கூடாது. கண்ணீர், கோல் விழுந்தபின் மட்டும். கையெடுத்துக் கும்பிடுவது வெளிநாட்டவரால் தவறாக விளங்கிக்கொள்ளப்படும் என்பதால் அதைக் கைதட்டலாக மாற்றிக்கொள்ளவும். முடிவில் எல்லாருக்கும் சான்றிதழ் கொடுத்தார்கள். வீரம்மா இரண்டாம் தரத்தில் சித்தியடைந்தாள். ஆண்டியப்பனுக்குக் கிடைக்கவில்லை. செய்முறையில் அவரை "ஏ" என்று கத்தச் சொன்னபோது அவர் கத்தவில்லை.

பிறகு வெளிநாட்டு அமைப்பு மறுபடி வந்து ஆரவாரத்தைக் கேட்டது, சூழலுக்கு நிறையப் புள்ளி போட்டது, போட்டுவிட்டு ஒரு சின்னக் கேள்வியையும் வைத்தது. இந்தக் குரல்களுக்கு உரியவர்கள் சம்மதம் கொடுத்திருக்கிறார்களா? முக்கியமாக, அந்த முன்னிலைக் குரல்? மறுவாரமே சம்மேளனத்திலிருந்து ஓர் அழைப்பாணை தோட்டத்துக்கு வந்தது. திருமதி ஆ. சீதாலெட்சுமி, ஆறாம் இலக்க லயன், கல்லுமலை, நேரில் ஆஜராகவும். தபால்காரர் அதை எங்கே கொடுப்பது என்று தெரியாமல் மைதானத்து மூலையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, ஆண்டியப்பனிடம் கொண்டுவந்து கொடுத்தார்.

ஆண்டியப்பன் ஒரு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஹட்டன் பஸ் ஏறினார். தனியாக அனுப்ப மனமில்லாமல் நானும் போனேன். பஸ்ஸில் அவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். வீட்டோடு போட்டோவும் போச்சு, போனும் போச்சு, அவ இருக்கிறது அந்தப் பொக்ஸுக்குள்ள மட்டுந்தான், அத எடுத்துறாம இருக்கச் சொல்லணும் என்றார். அவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

சீதாலெட்சுமி வந்திருக்கிறாரா என்று தரணிதரன் கேட்டார். இல்லை, நான் அவள் புருசன் என்றார் இவர். ஏன் வரவில்லை என்று கேட்டபோது ஆண்டியப்பன் என்னைப் பார்த்தார். பிறகு, மண் சரிந்தபோது லயத்தில் இருந்தாள் என்றார். தரணிதரன் தலையை ஆட்டிக்கொண்டு, அப்படியானால் மரணச் சான்றிதழைக் கொடுங்கள், கணவர் என்ற முறையில் நீங்களே சம்மதம் தரலாம் என்றார். சான்றிதழ் இல்லை. கிராம சேவகர் வருசா வருசம் வந்து கையெழுத்துப் போடச் சொல்லுவார், ஆண்டியப்பன் அடுத்த வாரம் என்பார். ஆளைக் கண்ணால் பார்க்காமல் எப்படிக் கையெழுத்துப் போடுவது என்பது அவருடைய யோசனை.

"அப்ப சட்டப்படி அவங்க உசிரோட இருக்காங்க," என்றார் தரணிதரன். "உசிரோட இருக்கிறவங்க நேர்ல வந்து சம்மதம் தரணும்."

"வர ஏலாதுங்க, சேர்."

"அப்ப செத்துட்டாங்கன்னு காட்டுங்க. ஆனா ஒண்ணு முன்கூட்டியே சொல்லிர்றேன். செத்துட்டாங்கன்னா அவங்கள நாங்க பார்வையாளரா வச்சுக்க ஏலாது. ஆட்டம் பாக்காதவங்களப் பாக்கிறதா காட்டின குத்தம் எங்க மேல வரும். நாங்களும் மனுசங்கதான், அண்ணே. ஆனா மனுசத்தன்மைக்கும் ஒரு நடைமுறை இருக்கு."

ஆண்டியப்பன் கதிரையின் நுனியில் உட்கார்ந்தபடி, ரெண்டுல எதுன்னாலும் எடுத்துருவீங்களா, சேர், என்று கேட்டார். சட்டச் சிக்கல் உள்ள குரலை மட்டும்தான் எடுப்போம், மற்றச் சனத்தின் ஆரவாரம் அப்படியே இருக்கும் என்று தரணிதரன் ஆறுதல் சொன்னார். அதோடு இருமல், குழந்தைச் சத்தம் போன்ற இரைச்சல்களையும் நீக்கித் தரமாக்கப் போவதாகவும், இறுதிப் போட்டிக்கு வந்து கேட்டால் சந்தோசப்படுவீர்கள் என்றும் சொன்னார். படியிறங்கும்போது கணேசமூர்த்தி கடைக்குள்ளிருந்து எங்களைக் கண்டு, பெரிய மனது பண்ணி ஒத்துழைத்ததற்கு நன்றி சொன்னார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அங்கே அடுக்கியிருந்த பைப்பில் ஒன்றை எடுத்திருப்பேன். ஆண்டியப்பன் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்கு வந்துவிட்டார்.

இறுதிப் போட்டி எங்கள் மைதானத்திலேயே நடந்தது. நுவரெலியாப் பக்கத்து அணியோடு ஆட்டம். புதுக் கோல் கம்பம், புது வலை. விருந்தினர்களுக்குப் பந்தல், பூச்செண்டு, பேச்சு. வெள்ளைக்கார விருந்தினர் ஒருவரும் வந்திருந்தார். மேடு கொள்ளாத சனம், எல்லாரும் கழுத்தில் பார்வையாளர் அட்டையோடு. பகல் இரண்டு மணிக்கே மூடுபனி இறங்கி எதிர்ப்பக்கத்துப் பொக்ஸ் இரண்டும் பாதி மறைந்துவிட்டன. விசில் ஊதினார்கள். துஷாந்த் பதிவைப் போட்டான்.

முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு திடீரென்று, "வந்தாச்சு."

மறுபடி மௌனம். "முழுப்பேரு." மௌனம். "வந்தாச்சு."

கூப்பிட்ட குரலை வெட்டியெடுத்துவிட்டார்கள், பதிலை விட்டுவைத்திருந்தார்கள். யாருமே கூப்பிடாமல் செத்த சனம் வந்தாச்சு வந்தாச்சு என்று மண்ணுக்குள்ளிருந்து சொல்லிக்கொண்டே இருந்தது. எவ்வளவு சொல்லியும் எடுத்துக்கொள்ள ஆள் இல்லை. எங்கள் மேட்டில் பெண்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். இரண்டாவது கோல் சத்தம் வந்தது, அதன் பிறகு இருமல் வரவேண்டிய இடம் துடைத்த கோப்பையாக வெறுமையாய் இருந்தது. வீரம்மா தலையை முழங்காலில் வைத்துக்கொண்டாள். விருந்தினர் மேசையில் கணேசமூர்த்தி வெள்ளைக்காரரிடம் குனிந்து, எவ்வளவு சுத்தமாக இருக்கிறது பார்த்தீர்களா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

இடைவேளைக்குப் பிறகு பதிவை மறுபடி முதலிலிருந்து போட்டார்கள். எல்லாருடைய பதிலும் முடிந்தது. அடுத்தது, எங்க வீட்டு ஆளு வந்தாச்சா என்று கேட்கிற இடம். கேள்வியும் இல்லை, பின்னால் வரும் சிரிப்பும் அரைப்பேரும் இல்லை. அநாகரிகம் என்று அவற்றையும் எடுத்திருந்தார்கள். பொக்ஸிலிருந்து வெறும் இரைச்சல் மெல்லிசாக வந்துகொண்டிருந்தது. அந்த இடத்தில் ஆண்டியப்பன் எழுந்து நின்றார்.

"வந்தாச்சு," என்றார்.

உள்ளே அமுக்கி அமுக்கி வைத்திருந்த குரல் அது. பந்தலில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அதோடு அவர் உட்காரவில்லை. மண் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "மொதலாம் காம்பிரா வீரபத்திரன் வந்தாச்சா?" என்று கூப்பிட்டார். முதலில் யாருக்கும் விளங்கவில்லை. பிறகு வீரம்மா எழுந்து, "வந்தாச்சு," என்றாள். பேரு எத்தனை என்று இவர் கேட்டார். மேடு முழுக்க "முழுப்பேரு" என்றது.

துஷாந்த் பயந்துபோய் வயரைப் பிடுங்கிவிட்டான். நடுவர் விசில் ஊதிப் பார்த்தார், விளையாடுகிறவர்களே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஆண்டியப்பன் காம்பிரா காம்பிராவாக, ஓர் அறை விடாமல், ஆறாம் நம்பர் லயத்தைக் கூப்பிட்டுக்கொண்டே போனார். கூப்பிட்ட ஒவ்வொரு பேருக்கும் அந்த வீட்டு மிச்சம் யாரோ அவருக்காக எழுந்து பதில் சொன்னார்கள். அந்தச் சின்னப் பிள்ளையின் பேருக்கு அவன் தகப்பன் பதில் சொன்னபோது குரல் உடைந்தது. நாங்கள் சேர்ந்து சொல்லிக்கொடுத்தோம். முழுப்பேரு, முழுப்பேரு என்று மலை திருப்பிச் சொன்னது. மூன்று வருடமாகத் தொண்டைக்குள் கிடந்த எல்லாம் வெளியே வந்தது.

கடைசிக் காம்பிரா வந்தது. ஆண்டியப்பன் கூப்பிட்டார். "சீதாலெட்சுமி வந்தாச்சா?"

யாரும் பதில் சொல்லவில்லை. அவளுக்குப் பதில் சொல்ல வேண்டிய ஆள் அவர் ஒருவர்தான், அவரே கூப்பிட்டுக்கொண்டு நிற்கிறார். மூடுபனி மூலைக்கொடியையும் மூடிவிட்டது. ஆண்டியப்பன் காத்திருந்து பார்த்துவிட்டு, பேரு எத்தனை என்று கேட்காமலே உட்கார்ந்துவிட்டார்.

சம்மேளனம் சும்மா இருக்குமா? அனுமதியற்ற பெரட்டு நடத்தியது, இறந்தோரை மைதானத்துக்குள் அழைத்தது, பயிற்சிக்கு மாறாக உணர்ச்சிவசப்பட்டது என்று ஆண்டியப்பன்மேல் குற்றச்சாட்டு வந்தது. சாட்சியம் அவர்களிடம் இருந்தது. பழைய பழக்கத்தில் அன்றைக்கும் படங்கு மறைவில் மைக் வைத்திருந்தார்கள். இந்தத் தரம் நாங்கள் ஒரு வேன் நிறையப் போனோம். காரியாலயத்தில் இடம் இல்லாமல், பைப்புக் கடை வரைக்கும் படியில் நின்றோம்.

கணேசமூர்த்தி, இந்த ஆளால் ஆரவாரத்தின் தரம் கெட்டது, வெள்ளைக்காரர் அழுதுகொண்டு போய்விட்டார், அது நாட்டுக்கே அவமானம் என்று முன்னுரை பேசினார். பதிவைப் போட்டார்கள். ஆண்டியப்பனின் குரல் காம்பிரா காம்பிராவாக வந்தது, எங்கள் குரலும் வந்தது. தரணிதரன் ஒவ்வொரு பேருக்கும் ஒரு குற்றமாகச் சரி அடையாளம் போட்டுக்கொண்டே வந்தார். கடைசியாக, "சீதாலெட்சுமி வந்தாச்சா?"

காற்று. எங்கோ ஒரு நாய். பிறகு மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து, கொஞ்சம் சிரிப்போடு, ஒரு பெண்குரல், "வந்தாச்சு."

தரணிதரன் பேனாவை நிறுத்திவிட்டு, யார் அது என்று கேட்டார். வீரம்மாவை முன்னால் கூப்பிட்டு விசாரித்தார். அவள், அன்னைக்கு நாங்க யாரும் வாயத் தொறக்கல்ல சேர் என்றாள். துஷாந்தை விசாரித்தார். அதற்கு முன்னாலேயே பொக்ஸ் வயரைப் பிடுங்கிவிட்டேன், பிடுங்கின வயர் கையில்தான் இருந்தது என்று அவன் சொன்னான். சொல்லும்போது சுவரோடு ஒட்டிக்கொண்டான். கணேசமூர்த்திக்கு வேர்த்தது. ஆனாலும் தலைவர் தலைவர்தான். பதிவு செய்யப்படாத பார்வையாளர் ஒருவர் மைதானத்தில் இருந்திருக்கிறார், அவரைக் கண்டுபிடித்து அட்டை கொடுங்கள் என்று உத்தரவு போட்டார்.

ஆண்டியப்பன் அதுவரை தலை நிமிரவில்லை. இப்போது எழுந்து நின்றார்.

"இன்னொரு தரம் போடுங்க, சேர்."

சாட்சியத்தை மீளக் கேட்க, குற்றம் சாட்டப்பட்ட எதிரிக்கு உரிமை உண்டா என்று தரணிதரன் விதிகளைப் புரட்டினார். உண்டு என்று இருந்தது. துஷாந்த் மறுபடி போட்டான். காற்று வந்தது, நாய் வந்தது, அந்தக் குரல் வந்தது. வந்தாச்சு என்று சொல்லி முடிந்ததும் ஆண்டியப்பன், அன்றைக்கு மைதானத்தில் கேட்காமல் விட்டதை அந்தப் பெட்டியைப் பார்த்துக் கேட்டார்.

"பேரு எத்தனை?"

அறைக்குள் இருந்தவர்களும், படியில் நின்றவர்களும், கீழே பைப்புகளுக்கு நடுவில் நின்றவர்களுமாக நாங்கள் பதில் சொன்னோம்.

"முழுப்பேரு."

விசாரணைக்கு வைத்திருந்த மைக் திறந்திருந்தது. தரணிதரன் அதையும் பதிவு செய்துகொண்டார்.